தென்காசிப் பக்கம் பூகம்பம் வருமா? சில விளக்கங்கள்



2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம், பாபநாசம், கடையம் பக்கத்து ஊர்களில் நிலம் லேசாக அதிர்ந்ததாகச் சொல்லி மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கருவிகளில் அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் வந்தது. ஆனால் விளக்கம் வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப் செய்திகள் முந்திவிட்டன. குற்றால மலைக்கு அடியில் எரிமலை இருக்கிறதாம், அச்சன்கோவில் பிளவு விழித்துக்கொண்டதாம் என்றெல்லாம் பேச்சு. அன்று தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போதும் இதைக் கேட்கிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் மார்க்கத்தின் பக்கமாக ஒரு வார்த்தை. மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளுக்குக்கூட ஸூரத்துஸ் ஸில்ஸால் மனப்பாடம். அந்த அத்தியாயம் சொல்வது கியாமத் நாளின் பேரதிர்ச்சியை. அதை வைத்துக்கொண்டு, எங்காவது ஓர் ஊரில் வீடுகள் இடிந்தால் அந்த ஊர்க்காரர்களின் பாவத்தால்தான் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டபோது, யாருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று நபியவர்களே விளக்கினார்கள். நிலம் அதிரும்போதும் இந்த அதபை நாம் பேண வேண்டும். மதரஸாவில் ஓதியவர்கள் எல்லோருக்கும் தப்ஸீர் ஜலாலைன் தெரியும். அதை எழுதிய இருவரில் ஒருவரான இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ஹிஜ்ரி 911, கி.பி. 1505இல் மறைந்தவர்கள்) பூகம்பங்களுக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த ஊரில் நிலம் நடுங்கியது என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். பூகம்ப வரலாற்றை ஆராயும் இக்கால விஞ்ஞானிகளும் அந்தக் குறிப்புகளை எடுத்தாளுகிறார்கள். அத்தாட்சி என்று நம்பியவர்கள்தான் தேதி போட்டு எழுதியும் வைத்தார்கள்.

இனி நம் ஊர்ப் பாறைக்கு வருவோம்.

குற்றாலத்தில் குளிக்கப் போகும்போது தண்ணீரை மட்டும் பார்க்காமல் பாறையையும் ஒருமுறை பாருங்கள். ஐந்தருவியானாலும் பழைய குற்றாலமானாலும், ஈரமான பாறையில் வெள்ளையும் கருப்புமாக வரி வரியாக ஓடும். சில வரிகள் நேராக இருக்கும், சில மடிந்து வளைந்திருக்கும். பிரானூர் பார்டரில் புரோட்டா மாவை வீசி, மடித்து, சுருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தவை. அந்த வெப்பத்தில் பாறை உடையாது. மாவு போல இழுபடும், மடியும். மேலே இருந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோக, அடியில் கிடந்தது இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது.

நாம் கருங்கல் என்று சொல்லும் பாறையில் ஒரு வகைக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். அதைக் கண்டறிந்த தாமஸ் ஹாலண்ட் என்பவர் அந்தப் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். கபர் கல்லால் பெயர் பெற்ற பாறை உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை! இன்னொரு வகைப் பாறையில் சிவப்பு மணிகள் பதிந்திருக்கும். அது கார்னெட். அந்தப் பாறை கரைந்து, ஆற்றில் அடித்துப்போய்த்தான் நம் தெற்குக் கடற்கரையில் செந்நிற மணலாகக் குவிந்திருக்கிறது. தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டுகிறார்களே சுண்ணாம்புக்கல், அதுவும் ஆதியில் கடலடியில் படிந்ததுதான். பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் படிகக் கல்லாக மாறியது.

எல்லோரும் கேட்கும் அச்சன்கோவில் பிளவு என்பது என்ன? கேரளத்தில் அச்சன்கோவில் ஆறு மலையில் பிறந்து வடமேற்காக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓடுகிறது. அந்தக் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் மலையைத் தாண்டி நம் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வந்து, திருநெல்வேலிச் சமவெளிக்குள் போகும். செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகு இது பளிச்சென்று தெரிந்தது. 10 முதல் 20 கிலோமீட்டர் அகலம், 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம் உள்ள ஒரு பட்டை. இதற்கு வடக்கே ஒரு வகைப் பாறை நிலம், தெற்கே இன்னொரு வகை. இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கண்டமாக உருவான காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த இரண்டு நிலமும் ஒன்றையொன்று உரசி நசுங்கிய இடம் இது. இதன் தொடர்ச்சியை மடகாஸ்கர் தீவில் தேடுகிறார்கள் ஆய்வாளர்கள்.

எனவே பிளவு என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். கத்தியால் வெட்டிய வெடிப்பு எதுவும் நம் ஊருக்கடியில் வாய் பிளந்து கிடக்கவில்லை. இது பழைய தழும்பு. இதை உரசல் பட்டை என்று நாம் சொல்லலாம். ஆனால் தழும்பு உள்ள இடத்தில் தோல் பலவீனமாக இருப்பதுபோல, பட்டையில் உள்ள பாறை மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் அரித்துப் போகும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே தாழ்ந்து வழிவிடும் இடம் இந்தப் பட்டையின் மேலேயே அமைந்திருக்கிறது. 1904இல் வெள்ளைக்காரன் கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டதும் அந்தக் கணவாய் வழியாகத்தான். ஜூன், ஜூலையில் நம் முற்றத்தில் விழும் சாரல் வருவதும் அதே வழியாகத்தான். 55 கோடி ஆண்டுப் பழைய உரசல் ஒன்றுக்கு நம் ஊரின் குளிர்ச்சி கடன்பட்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் பயத்தை மட்டும் பரப்புவது நன்றிகெட்டதனம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயமலையின் அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்று கூடுதல், அவ்வளவுதான். முட்டுவது அங்கே என்றாலும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. வண்டியின் முன்பக்கம் சுவரில் முட்டி நின்றால் பின்பக்கத்துப் பழைய வெல்டிங்கும் கிரீச்சிடும் அல்லவா? அதுபோலப் பழைய பலவீனமான கோடுகளில் எப்போதாவது, எங்காவது அழுத்தம் விடுபடும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2000 டிசம்பர் 12, ரமலான் மாதத்தின் நடுவில், காலை 7 மணிக்குச் சற்று முன் கோட்டயம் மாவட்டத்தில் ஈராட்டுப்பேட்டை, பாலா பகுதியில் 5 அளவுள்ள அதிர்வு ஏற்பட்டது. 2001 ஜனவரி 7இல் அதே பகுதியில் 4.8. சுவர்கள் விரிசல் விட்டன. ஈராட்டுப்பேட்டை நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். (இதைப் பேசினால் உடனே முல்லைப்பெரியாறு அணைப் பேச்சு வந்துவிடும். அது வழக்கும் அரசியலுமான விஷயம், இந்தச் சிறு பத்திரிகை அதற்கு இடமில்லை.) நம் மாநிலத்தில் பதிவான பெரிய அதிர்வு 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூரை ஒட்டி வந்தது. அதன் அளவு ஏறக்குறைய 6. தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை அதை உணர்ந்திருக்கிறார்கள்.

இந்த எண்களைப் படிக்கும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. 5க்கும் 6க்கும் ஒரு படிதானே என்று நினைக்கக் கூடாது. ஒரு படி ஏறினால் வெளியாகும் சக்தி சுமார் 32 மடங்கு. பத்திரிகையில் 3 என்று போட்டால் ஜன்னல் கதவு ஆடும், பயப்பட ஒன்றுமில்லை. 6 என்றால் வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2002இல் திருத்திய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரைபடத்தில் நாடு இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு என்பது ஆபத்து குறைவு, ஐந்து என்பது மிக அதிகம். கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். அந்த மண்டலத்தின் விளிம்பில் நம் வட்டாரம் இருக்கிறது, கிழக்கே போகப் போக இரண்டாம் மண்டலம். சுருக்கமாகச் சொன்னால், நமக்கு வரக்கூடியது நடுத்தரமான ஆட்டம், அதுவும் அபூர்வமாக.

எரிமலைப் பேச்சையும் இங்கேயே முடித்துவிடுவோம். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1998 ஆகஸ்டில் திருநெல்வேலிக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் தரை புகைந்து, மண் உருகிக் குழம்பாகி, பிறகு கண்ணாடிபோல இறுகியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பிறகு வேறு இடங்களிலும் இதுபோல நடந்தது. எரிமலை என்றும், அச்சன்கோவில் பட்டையின் வேலை என்றும் அப்போதே பேசப்பட்டது, எழுதவும் பட்டது. ஆராய்ந்த நிலவியலார் பலர் சொன்ன விளக்கம் வேறு. உயர் அழுத்த மின்சாரம் நிலத்தில் கசிந்தால் மண்ணையும் கல்லையும் உருக்கிவிடும். இடங்களும் மின்கம்பத்தையும் மின்கம்பியையும் ஒட்டியே இருந்தன. நமக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. பூமியின் ஆழத்திலிருந்து வரும் குழம்புக்கு மின்கம்பத்தைத் தேடிப்பிடித்து வெளியே வரவேண்டிய அவசியம் என்ன?

சத்தமும் அதிர்வும் கேட்டால் வேறு காரணங்களும் உண்டு. கல்குவாரியில் வைக்கும் வெடி பல கிலோமீட்டர் தூரம் பாத்திரங்களை ஆட்டும். கனமழை நீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கும்போது சிறு அதிர்வுகள் தோன்றுவதும் உண்டு. பெரிய அணைகளில் தேங்கும் தண்ணீரும் அப்படிச் செய்யும். மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையை ஒட்டி 1967 டிசம்பரில் 6க்கு மேற்பட்ட அளவில் வந்த பூகம்பத்துக்கு அணை நீரே காரணம் என்பார்கள். நம் அடவிநயினார் 132 அடி, கருப்பாநதியும் குண்டாறும் அதைவிடச் சிறியவை. கொய்னாவோடு இவற்றை ஒப்பிட முடியாது.

உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது லாத்தூரை நினைத்து.

1993 செப்டம்பர் 30, விடியற்காலை 3.56 மணி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊரின் பக்கம் 6.2 அளவில் நிலம் ஆடியது. அதுவும் நம்முடையதுபோலத் தக்காணத்தின் பழைய, உறுதியான பாறை நிலம்தான். அன்றிருந்த வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. உலகக் கணக்கில் 6.2 பெரிய பூகம்பமே அல்ல. ஆனாலும் ஏறக்குறைய 10,000 பேர் மவ்த்தாகிவிட்டார்கள். காரணம் வீடுகள். இரண்டடி, மூன்றடி கனத்தில் கல்லை அடுக்கி, இடையில் வெறும் மண் சாந்து வைத்த சுவர்கள். மேலே மரக்கட்டை பரப்பி, வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மண்ணைக் கொட்டி வைத்த கனமான கூரை. ஆடியதும் சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே பிரிந்தன, கூரை தூங்கியவர்கள்மேல் இறங்கியது. அதன் பிறகுதான் முதல் மண்டலம் என்ற பிரிவே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது.

நம் தெருக்களைப் பாருங்கள். பாட்டனார் காலத்து மண்சுவர் ஓட்டு வீடுகளும் மட்டப்பா வீடுகளும் இன்னும் இருக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டி, நடுவில் ஓர் ஆள் போகும் முடுக்கு. விதவைகளும் வயதானவர்களும் குடியிருப்பது பெரும்பாலும் இவற்றில்தான். பூகம்பமே வேண்டாம், ஐப்பசி மழை நாலு நாள் தொடர்ந்து பெய்தால் போதும், இந்தச் சுவர்கள் சில விழுந்துவிடும்.

இன்னொரு பக்கம் வளைகுடாப் பணத்தில் எழும் புது வீடுகள். கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே இரண்டு மாடி. பார்க்க அழகு. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் புஜ் பகுதியில் 7.7 அளவில் பூகம்பம் வந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத் நகரத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றில் பல இதே அமைப்பு. மேல் மாடிகளில் சுவர் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும், ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத்தின் தூண்களே தாங்க வேண்டும். அவை முறிந்தால் மேலே உள்ளதெல்லாம் அப்படியே உட்கார்ந்துவிடும். தூண் வைக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிய பிறகு வையுங்கள். இரண்டு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது தளத்தை, மச்சான் துபாயிலிருந்து பணம் அனுப்பிவிட்டார் என்பதற்காக ஏற்றாதீர்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் யாரும் கவனிப்பதில்லை. செங்கல் வீடானால் அஸ்திவார மட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒன்று என வீட்டைச் சுற்றி முழுவதும் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். ஓட்டுக்கூரையானால் சுவரின் உச்சியிலும் ஒன்று வேண்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் வைத்தால் பயன் குறைவு. பெட்டியைச் சுற்றிக் கட்டும் கயிறு போல அது நான்கு மூலையையும் பிடிக்க வேண்டும். தூணில் கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனை தூணின் உள்பக்கமாக நன்றாக மடங்கியிருக்க வேண்டும். வெறும் எல் வடிவில் விட்டால் ஆட்டத்தில் அது விரிந்துவிடும். தூணின் அடியிலும் தலையிலும் ரிங்குகள் நெருக்கமாக இருக்கட்டும். கலவை இளகலாக இருந்தால் வேலை சுளுவு என்று தண்ணீரை ஊற்றுவார்கள், அங்கே நின்று தடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு ஊற்ற வேண்டிய தண்ணீரையோ ஒரு வாரமாவது நிறுத்தாமல் ஊற்றுங்கள். கொத்தனார் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வாசலுக்குக் கிரானைட் பதிக்கச் செலவழிப்பதில் சிறு பங்குதான் இந்தப் பெல்ட்டுக்கு ஆகும். ஆனால் பெல்ட் பூச்சுக்குள் மறைந்துவிடும், விருந்தாளி பார்க்க மாட்டார். அதனால்தான் அது தவறிப்போகிறது என்பது நம் அனுமானம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வீடு விஷயத்தில் கயிறு என்பது இந்தக் கம்பிதான்.

இப்போது இருக்கும் வீட்டில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. பீரோவைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இணையுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே உள்ள பரணில் அண்டா, குத்துவிளக்கு, இரும்புப் பெட்டி என்று கனமானவை வேண்டாம். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் ஆடினால் சரிசெய்யுங்கள், முடுக்கில் போகிறவர் தலையில் முதலில் விழுவது அதுதான். நிலம் ஆடும்போது கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் உறுதியான மேஜைக்கு அடியில் அல்லது கண்ணாடி இல்லாத உள்மூலையில் தலையை மூடிக்கொண்டு குனிந்திருங்கள். முடுக்கு வழியாக ஓடுவதைவிட அது பாதுகாப்பு. மண்சுவர் வீட்டில் கதவருகே இருந்தால் உடனே வெட்டவெளிக்கு வந்துவிடுங்கள். ஆட்டம் நின்றதும் கேஸையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். தொழுகையில் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். உயிரைக் காக்கத் தொழுகையை முறிப்பதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, மேலதிக விவரத்தை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இந்தத் தேதியில், இந்த நேரத்தில் பூகம்பம் வரும் என்று நாள் குறித்துச் சொல்லும் கல்வி உலகில் எவரிடமும் இல்லை. அப்படி வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். நடந்த அதிர்வைப் பற்றித் தெரிய வேண்டுமானால் டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் என்ற செயலியில் பார்க்கலாம்.

கடைசியாக நம் அறக்கட்டளை பற்றி. வீடு பழுதுபார்ப்பு உதவியில் இதுவரை ஓடு மாற்றவும் தரை போடவும் கேட்பவர்களுக்கே அதிகம் கொடுத்து வந்திருக்கிறோம். இனி சுவர் உப்பிய வீடுகளுக்கும் விரிசல் விட்ட வீடுகளுக்கும் முதலிடம் கொடுப்பதென்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது. நம் உதவியில் புதிதாகக் கட்டும் வீடு எதுவானாலும் லிண்டல் பெல்ட் முழுச்சுற்றாகப் போட்ட பிறகே அடுத்த தவணை வழங்கப்படும். பெல்ட்டுக்குக் கான்கிரீட் கொட்டும் முன், கம்பி கட்டிய நிலையில் நம் ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். ஜமாஅத்தில் கட்டடப் பொறியியல் படித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் இப்படி வீடுகளைப் பார்த்துச் சொல்ல முன்வருபவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பப் படிவமும் அங்கேயே கிடைக்கும். தாய்மார்கள் நேரில் வர வேண்டியதில்லை, வீட்டுப் பிள்ளைகளை அனுப்பினால் போதும்.